காலடி மச்சம்

அம்பிகா பித்தவெடிப்புக்காகத்தான் போனாள்.

கார்ல்ஸ்ரூஹேயில் ஐந்தாவது குளிர்காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. குதிகால் இரண்டும் தண்ணீர் காணாத குளத்து மண்ணாகப் பிளந்து கிடந்தன. காலுறை போட்டால் நூல் மாட்டி இழுத்தது. டுர்லாக் பக்கம் ஒரு இலங்கைத் தமிழ் அக்கா கால் பராமரிப்பு நிலையம் வைத்திருக்கிறார், நல்ல கைராசி என்று யாரோ சொன்னார்கள். ட்ராம் பிடித்துப் போனாள்.

இமெல்டா மன்னார்க்காரி. ஐம்பதைத் தாண்டியவர். இருபது வருடமாக ஜெர்மன் முதியவர்களின் நகம் வெட்டி, கால் ஆணி செதுக்கி, அதற்கென்று படித்துச் சான்றிதழும் வாங்கிச் சுவரில் மாட்டியிருந்தார். பக்கத்தில் மாதா படம். அம்பிகாவின் வலது காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கினார்.

"என்ன பிள்ளை, இது காலோ, கடற்கரைக் கல்லோ?"

"தேய்ச்சுத்தான் கழுவுதேன்க்கா. இந்த ஊர்க் குளிர் ஒத்துக்கிட மாட்டேங்குது."

"குளிரைக் குற்றம் சொல்லாதேங்கோ. இது உங்கட ஊரில இருந்து வந்த வெடிப்பு. விசா இல்லாமல் வந்திருக்கு."

அம்பிகா சிரித்தாள். வெந்நீரும் எலுமிச்சை வாசமும் இதமாக இருந்தன. வலது கால் முடிந்தது. இமெல்டா இடது காலைத் தூக்கித் துண்டால் ஒற்றினார். பெருவிரலுக்குக் கீழே, உள்ளங்கால் குழியத் தொடங்கும் இடத்தில் அவர் கை நின்றது.

"இது என்ன?"

"அதுவா? மச்சம்க்கா. அந்த மச்சம் வந்துதான் நான் ஜெர்மனிக்கே வந்தேன்."

இதை அவள் பலரிடம் சொல்லியிருக்கிறாள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே சிரிப்பார்கள் என்பதெல்லாம் அத்துப்படி. உள்ளங்காலில் மச்சம் உள்ளவர்கள் கடல் தாண்டுவார்கள் என்பது சங்கரன்கோவிலில் யாருக்கும் தெரியாத சேதி இல்லை. ஆதிரை பிறந்த வருடம் கடுகளவு ஒரு புள்ளி வந்தது. அடுத்த மாதமே கார்ல்ஸ்ரூஹே பல்கலைக்கழகத்திலிருந்து கடிதமும் வந்தது. வேதியியலில் முனைவர் பட்டம் முடித்து இரண்டு வருடமாக வேலை தேடிக்கொண்டிருந்தவளுக்கு ஜெர்மனியில் ஆய்வு வேலை. மாமியார் செண்பகவல்லி அன்றே தெருவில் சொல்லிவிட்டாள். படிப்பு என்ன பெரிய படிப்பு, என் மருமக காலப் பாருங்க என்று.

இமெல்டா சிரிக்கவில்லை. விளக்கை இழுத்துக் காலுக்கு மேலே வைத்தார்.

"வளர்ந்ததோ?"

"கொஞ்சம்."

"கொஞ்சம் எண்டா?"

"கடுகு மாதிரி இருந்துச்சு. அப்புறம் மிளகு. இப்ப…" அதற்கு மேல் உவமை கிடைக்கவில்லை. "யோகம் வளருதுன்னு எங்க அத்தை சொல்வாங்க."

சொன்ன பிறகு அந்த வாக்கியம் அறைக்குள் தனியாக நின்றது.

இமெல்டா இழுப்பறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் அளவுகோலை எடுத்துக் காலோடு சேர்த்துப் பிடித்தார். பதினொரு மில்லிமீட்டர். ஓரம் வட்டமாக இல்லை. நனைந்த தாளில் மை ஊறியதுபோல் ஒரு பக்கம் ஓடியிருந்தது. ஒரு மூலை நல்ல கறுப்பு, ஒரு மூலை தேயிலைச் சாயம், நடுவே சாம்பல். அம்பிகா ஆறு வருடமாகச் சுமந்து நடந்த புள்ளி அது. அத்தனை வெளிச்சத்தில் ஒருநாளும் பார்த்ததில்லை.

"எங்கட நிறத்து ஆக்களுக்கு முதுகிலயும் முகத்திலயும் வாறது குறைவு பிள்ளை. வந்தால் கூட இஞ்சதான் வரும். உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்குக் கீழ. எங்களுக்குப் படிப்பிச்சவை."

"எது வரும்?"

இமெல்டா அளவுகோலைத் துடைத்து இழுப்பறைக்குள் வைத்தார். "நான் டொக்டர் இல்லை. ஆனா இதில நான் கை வைக்கேலாது" என்றார். கையுறையைக் கழற்றிவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். "தோல் டொக்டரிட்டைக் காட்டுறதுக்கு டெர்மின் கேட்டா மூண்டு மாசம் எண்டுவினம். பொறுங்கோ, நான் கேக்கிறன்."

ஜெர்மனில் பேசும்போது அவர் குரல் வேறாக இருந்தது. கெஞ்சவில்லை. பதினொரு மில்லிமீட்டர் என்று இரண்டு முறை சொன்னார். பிறகு காத்திருந்தார். பிறகு ஒரு தாளில் எழுதினார்.

"திங்கள் காலமை எட்டரை. கட்டாயம் போகோணும். விளங்குதோ?"

அம்பிகா கைப்பையைத் திறந்தாள்.

"காசு வேண்டாம். வையுங்கோ உள்ள."

"வலது காலு முழுசும் செஞ்சீங்களேக்கா."

"வேண்டாம் எண்டு சொன்னனான்."

மற்ற எதையும்விட அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

*

டாக்டர் இளம் பெண். அம்பிகாவின் ஜெர்மன் தடுமாறுவதைக் கண்டு ஆங்கிலத்துக்கு மாறினார். மச்சத்தைக் காட்டி, இந்த மோல் எத்தனை காலமாக இருக்கிறது என்று கேட்டார். குடும்பத்தில் யாருக்காவது இதுபோன்ற மோல் உண்டா என்று கேட்டார். பிறகு விளக்கு வைத்த சிறிய லென்ஸைப் பாதத்தில் அழுத்தி ஒரு கண்ணால் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

லென்ஸை எடுத்த பிறகு அவர் மோல் என்று சொல்லவில்லை. இந்த இடம் என்றார். இதை என்றார்.

அம்பிகா அதைக் கவனித்தாள். ஆய்வுக்கூடத்தில் போத்தலிலிருந்து பெயர்ச்சீட்டு உரிந்துவிட்டால் முதல் வேலை அதைத் தனியே எடுத்து வைப்பது. உள்ளே இருப்பது வெறும் தண்ணீராகவும் இருக்கலாம். யாரும் முகர்ந்து பார்ப்பதில்லை.

"இன்றே எடுத்துவிடலாம்" என்றார் டாக்டர்.

உள்ளங்காலில் போட்ட மரப்பு ஊசிக்கு அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள்ளேயே கத்தினாள். அதன்பின் ஒன்றும் தெரியவில்லை. யாரோ தூரத்தில் துணி வெட்டுவதுபோல் இருந்தது. தைத்து முடித்ததும் செவிலி ஒரு சிறு போத்தலை மேசையில் வைத்து எழுதினாள். அம்பிகாவின் பெயர், பிறந்த தேதி, இடது உள்ளங்கால். அந்த ஃபார்மலின் எத்தனை சதவீதம் என்று அம்பிகாவுக்குத் தெரியும். அதில் மிதந்தது என்ன என்று தெரியாது.

முடிவு வரப் பத்து நாளாகும் என்றார்கள்.

*

அவள் கணவன் இசக்கிராஜா மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தான். எதையும் பெரிதாக்கக் கூடாது என்பது அவன் கட்சி.

"மச்சத்த எடுத்திருக்காங்க. ஜஸ்ட் செக் பண்ண அனுப்பிருக்காங்க. ஜெர்மன்காரன் தும்மினாலே ரிப்போர்ட் எழுதுவான், தெரியாதா? ஆனா அம்மாகிட்ட மட்டும் சொல்லிராத. மச்சத்த வெட்டியாச்சுன்னு தெரிஞ்சா அடுத்த பிளைட்ட புடிச்சு நம்மள கூட்டிட்டுப் போயிரும்."

மூன்றாம் நாள் அம்பிகா ஊன்றுகோலோடு வேலைக்குப் போனாள். வீட்டில் உட்கார்ந்திருந்தால் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே போனால், அலமாரித் தட்டில் வரிசையாகப் போத்தல்கள், ஒவ்வொன்றிலும் அதே சொல். அரை மோல், கால் மோல், மோலில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பதினோராம் வகுப்பில் தமிழ் வழியில் அந்தச் சொல்லைப் படித்தபோது அது மோல் மட்டும்தான். ஆறு எழுதி அதன் பின்னால் இருபத்து மூன்று இலக்கங்கள் போட்டால் வருகிற அத்தனை துகள்கள். அது ஒரு பிராணியின் பெயர் என்று பாளையங்கோட்டைக் கல்லூரியில்தான் தெரிந்தது. மண்ணுக்குள் வளை தோண்டும் அகழெலி. மச்சத்துக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர் என்று விடுதித் தோழி சொன்னபோது, வெள்ளைக்காரனுக்குச் சொல் பஞ்சமா என்று இருவரும் சிரித்தார்கள்.

ஐந்தாம் நாள் ட்ராமுக்குக் காத்திருந்தபோது கைப்பேசியில் அகராதியைத் திறந்தாள். தோண்டும் பிராணி. தோலில் வரும் புள்ளி. எதிரியின் கூட்டத்தில் வருடக்கணக்கில் நம்மவன்போல் இருக்கும் உளவாளி. வேதியியல் அளவு. துறைமுகத்தில் அலையைத் தடுக்கக் கட்டும் கல்சுவர். மெக்சிகோக்காரர்கள் மிளகாய் அரைத்து வைக்கும் குழம்பு. கர்ப்பப்பையில் குழந்தைக்குப் பதிலாக வளரும் சதை. ஏழு பொருள். ஒன்றுவிடாமல் படித்தாள். ஒரே பெயரை இத்தனைக்கும் வைத்தவர்கள் அவள் காலில் இருந்ததற்கு மட்டும் அதைக் கொடுக்கவில்லை. லென்ஸை வைத்துப் பார்த்த அந்த இரண்டு நிமிடத்தில் டாக்டர் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார். ட்ராம் வந்து, நின்று, போய்விட்டது. அவள் ஏறவில்லை.

மாலையில் ஆதிரை பள்ளியிலிருந்து வந்ததும் சன்னலில் ஏறி நின்றாள். ஆறு வயது. குடியிருப்பின் புல்தரையில் பத்து நாளாக மண் குவியல்கள் முளைத்துக்கொண்டிருந்தன. எண்ணுவது அவள் வேலை.

"அம்மா, இன்னைக்கு ஒன்பது!"

"அத்தனை அகழெலியா?"

"இல்லம்மா. ஒரே ஒரு மௌல்வுர்ஃப்தான். எங்க டீச்சர் சொன்னாங்க. அது தனியாத்தான் இருக்கும். ஒண்ணே அவ்வளவும் தோண்டும்."

"அதப் புடிக்க மாட்டாங்களா?"

"புடிக்கக் கூடாது. வெர்போட்டன். அது பாவம்ல."

அம்பிகா சன்னலருகே வந்து பார்த்தாள். முதல் குவியல் வேலி ஓரத்தில் இருந்தது. ஒன்பதாவது, கட்டடத்தின் சுவரை ஒட்டி. இடையில் புல் பச்சையாக, ஒன்றுமே நடக்காததுபோல் இருந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டில் இசக்கிராஜா அலுவலகக் கதை சொன்னான். ஆட்குறைப்புப் பட்டியல் ஒன்று வெளியே கசிந்துவிட்டதாம். மேலாளர் கூட்டம் போட்டு, நமக்குள் ஒரு மோல் இருக்கிறது என்றாராம்.

"எல்லாரும் எல்லாரையும் பாக்காங்க. மூணு வருசமா சேந்து லஞ்ச் சாப்பிடுதவன நெனச்சாக்கூட டவுட்டா இருக்கு. ஆபீஸ்லயும் மோல், வீட்லயும் மோல். என்ன நேரமோ!"

அவள் தட்டோடு எழுந்தாள்.

"ஏய், ஜோக் அம்பிகா. சும்மா சொன்னேன்."

"தெரியும்" என்றாள். தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டு அதன் சத்தத்தில் நின்றாள். கணக்குப் போட்டாள். அதுதான் அவளுக்குத் தெரிந்த வழிபாடு. பதினொரு மில்லிமீட்டர் அகலம், தடிப்பு தெரியாது, ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளே சில கோடி செல்கள். பத்துக் கோடியே இருக்கட்டும். மோல் கணக்கில் அது ஒரு பொருட்டே இல்லை. பூச்சியம் என்று எழுதினால் எந்த வாத்தியாரும் திருத்த மாட்டார். ஆனால் கிளம்பிப் போவதற்கு ஒரே ஒரு செல் போதும்.

ஞாயிற்றுக்கிழமை செண்பகவல்லி அழைத்தாள். வாராவாரம் பகல் சாப்பாடு முடிந்த கையோடு அழைப்பாள்.

"என்னட்டி, மொகம் வாடிக் கெடக்கு?"

"ஒண்ணுமில்லத்தை. கால்ல கண்ணாடித் துண்டு குத்திருச்சு. கட்டுப் போட்டிருக்கு."

"எந்தக் காலு?"

"இடது."

"மச்சத்துல படலைல்லா?"

"படல."

"நல்லவேள. எதுத்த வீட்டுக் கோமதிக்கு அயர்லாந்துல வேல கெடச்சிருக்காம், அவ ஆத்தா வந்து பீத்துதா. நான் அந்தப் புள்ள காலத் தூக்கிப் பாத்தேன். மருந்துக்கு ஒரு புள்ளி கெடயாது. எப்பிடிப் போவான்னு நானும் பாக்கேன்!"

பின்னால் இசக்கிராஜா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அம்பிகாவும் சிரித்தாள். அவள் முகம் கைப்பேசியின் ஒரு மூலையில் சின்னதாகத் தெரிந்தது. நன்றாகத்தான் சிரித்திருந்தாள்.

*

பத்து நாளாகவில்லை. எட்டாம் நாளே அழைப்பு வந்தது. வியாழக்கிழமை காலை வாருங்கள் என்றது வரவேற்பறைக் குரல். முடிந்தால் யாரையாவது உடன் அழைத்து வாருங்கள்.

அதைக் கேட்டபின் இசக்கிராஜா எதற்கும் ஜோக் சொல்லவில்லை. விடுப்பு எடுத்தான். காரில் போகும்போது தேவையில்லாத இடத்தில் எல்லாம் சமிக்ஞை போட்டான்.

டாக்டர் கதவைச் சாத்தினார். நாற்காலியை மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். நோயின் பெயரை மெதுவாகச் சொன்னார். அம்பிகா அதை ஏற்கெனவே படித்துவிட்டிருந்தாள். ஆனாலும் இன்னொருவர் வாயிலிருந்து வரும்போது அது அப்போதுதான் பிறந்ததுபோல் இருந்தது. இசக்கிராஜா, அப்ப கேன்சரா, கேன்சரா என்று தமிழில் கேட்டான். டாக்டருக்கு அந்த ஒரு சொல் புரிந்தது. தலையசைத்தார்.

ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டார். இது தோலின் மேல்பரப்பு. இது அதற்குக் கீழே. இது இன்னும் கீழே, இரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் ஓடும் இடம்.

"மேலே எவ்வளவு அகலமாக இருந்தது என்பது அவ்வளவு முக்கியமில்லை. எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதுதான்."

"எவ்வளவு?"

"ஒன்று புள்ளி மூன்று மில்லிமீட்டர்."

அம்பிகா டாக்டரின் பென்சிலைப் பார்த்தாள். அதன் கரிமுனையைவிடக் குறைவு. அவ்வளவுதான். ஆனால் ஒரு மில்லிமீட்டர்தான் எல்லை என்று அவள் படித்திருந்தாள்.

"ஒன்றுக்குக் கீழே இருந்திருந்தால்?"

"இன்னும் எளிதான பேச்சாக இருந்திருக்கும்" என்றார் டாக்டர். "இப்போது அதே இடத்தைச் சுற்றி அகலமாக இன்னொரு முறை வெட்ட வேண்டும். அதோடு, இடுப்புக்குக் கீழே, தொடை சேரும் இடத்தில் உள்ள நிணநீர்க் கணு ஒன்றை எடுத்துச் சோதிக்க வேண்டும். அங்கே எதுவும் இல்லை என்றால் நல்லது."

"இருந்தால்?"

"இப்போதெல்லாம் நல்ல மருந்துகள் இருக்கின்றன. ஆனால் முதலில் பார்ப்போம்."

"எப்போது அது ஒன்றைத் தாண்டியிருக்கும்? நாலு வருடம் முன்னால் என்றால் தாண்டியிருக்காது, இல்லையா?"

டாக்டர் அவளைப் பார்த்தார். அவர் கண்ணில் இரக்கம் இருந்தது. அதை மறைக்க அவர் முயலவில்லை.

"அதை யாராலும் சொல்ல முடியாது."

*

நான்கு வருடம் முன்பு அவர்கள் விடுமுறைக்கு ஊர் போயிருந்தார்கள். புள்ளி அப்போது மிளகளவு. திருநெல்வேலியில் ஒரு தோல் மருத்துவரிடம் காட்டலாமென்று அம்பிகாதான் சொன்னாள். செண்பகவல்லி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே திரும்பினாள். டாக்டர்னா கத்திதான வைப்பான், மச்சத்துல கத்தி வச்சா வந்த யோகம் வந்த வழியே போயிரும் என்றாள். இசக்கிராஜா சிரித்தான். அதோடு பேச்சு முடிந்தது.

முடிவு வந்ததிலிருந்து அம்பிகா அந்த வாக்கியத்தைத் தினமும் எடுத்துப் பார்த்தாள். அதற்கு ஒரு பதில் தயார் செய்தாள். நீளமான பதில். அதில் கோபம் இருந்தது, படிப்பு இருந்தது, ஒன்று புள்ளி மூன்று மில்லிமீட்டர் இருந்தது. அறுவை சிகிச்சைக்கு இரண்டு நாள் முன்பு இசக்கிராஜா அம்மாவை அழைத்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கைப்பேசியை அம்பிகாவிடம் கொடுத்தான். ஆதிரையைக் கூட்டிக்கொண்டு கீழே போய்விட்டான்.

செண்பகவல்லி வீடியோவில் வரவில்லை. குரல் மட்டும்.

"அம்பிகா."

"சொல்லுங்கத்தை."

"வலிக்கா?"

"இப்ப இல்ல."

பின்னால் யாரோ தெருவில் கோலப்பொடி விற்றுக்கொண்டு போனார்கள்.

"நான்தான போக விடாமப் பண்ணுனேன்?"

தயார் செய்து வைத்திருந்த பதில் நாக்கு நுனிவரை வந்தது. ஆமா என்று தொடங்கினால் போதும், மீதி தானாக வரும். எதிர்ப்பக்கம் கிழவி மூச்சுவிடும் சத்தம் கேட்டது. அடி விழப் போகிறது என்று தெரிந்து நிற்கிறவளின் மூச்சு.

"இல்லத்தை. நான் போனேன்."

"எங்க?"

"அந்த டாக்டர்கிட்ட. ஜங்சன்ல துணி எடுக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனேன்லா, அன்னைக்கு. மாடிப்படி ஏறி, செருப்பக் கழட்டிப் போட்டுட்டு உள்ளயும் போயிட்டேன். பத்துப் பன்னெண்டு பேரு இருந்தாங்க. டோக்கன் வாங்கல. திரும்பி வந்துட்டேன்."

"ஏன்ட்டி?"

"அடுத்த மாசம் விசா புதுப்பிக்கணும். அது வரட்டும், அப்புறம் பாத்துக்கிடலாம்னு தோணுச்சு." கைப்பேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். "அது வந்துச்சு. அப்புறம் இவுகளுக்கு வேல. அப்புறம் என் காண்ட்ராக்ட். ஒவ்வொரு தடவையும் அது முடியட்டும்னு இருந்துட்டேன்."

செண்பகவல்லியின் குரல் மிகச் சிறியதாக வந்தது.

"நீ படிச்சவ. நான் எதயாவது உளறிக்கிட்டே கெடப்பேன். அது எல்லாருக்கும் தெரியும், ஒம்மாமா இருந்தவரைக்கும் ஒத்த வார்த்தை கேட்டதில்ல. நாஞ் சொல்லுதத நீ நெசமாவே நம்புவன்னு நான் நெனைக்கவே இல்லட்டி."

அம்பிகாவுக்கும் அது தெரியாது. அன்று அந்தப் படியில் இறங்கும்வரை.

*

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் மருத்துவமனையின் நிலத்தடித் தளத்துக்கு வரச் சொன்னார்கள். வெட்டி எடுத்த இடத்தைச் சுற்றி நான்கு ஊசி போட்டார்கள். எடுக்க வேண்டிய கணு எது என்று காட்டும், கதிரியக்கம் உள்ள மருந்து. மிகச் சிறிய அளவு, ஆபத்தில்லை என்று படிவத்தில் எழுதியிருந்தது. அம்பிகாவுக்கு அந்தப் பொருளைத் தெரியும். எத்தனை மணி நேரத்தில் பாதியாகும் என்பதும் தெரியும். ஊசி இறங்கும்போது ஆறு, ஆறு மணி நேரம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். செவிலி அதை ஜெபம் என்று நினைத்துக் காத்திருந்தாள்.

பிறகு ஒரு குறுகிய கட்டிலில் படுக்க வைத்தார்கள். காலுக்கு மேலே பெரிய சதுரத் தட்டு ஒன்று இறங்கி, தோலைத் தொடாமல் நின்றது. இயந்திரத்தை இயக்குபவன் வயதானவன், தாடிக்காரன். தலையைத் திருப்பினால் திரையைப் பார்க்கலாம், நிறையப் பேர் பார்க்க விரும்புவதில்லை என்றான்.

அவள் திருப்பினாள்.

கறுத்த திரை. கீழே, அவள் பாதம் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு வெள்ளை வெளிச்சம் கொதித்துக்கொண்டிருந்தது. வேறெதுவும் இல்லை. கால் இல்லை, உடம்பு இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்த வெளிச்சத்திலிருந்து ஒரு மெல்லிய நூல் மேலே கிளம்பியது. முதலில் கண் ஏமாற்றுகிறது என்று நினைத்தாள். நூல் கணுக்காலைத் தாண்டியது. கெண்டைக்காலின் உட்பக்கமாக வந்தது. முழங்காலில் கொஞ்சம் தயங்கியது. பிறகு இரண்டாகப் பிரிந்து மீண்டும் சேர்ந்தது. வழி தெரிந்ததைப்போல் போய்க்கொண்டிருந்தது.

தொடையின் உச்சியில் ஒரு புள்ளி தோன்றியது. கடுகளவு. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பிரகாசமானது.

தாடிக்காரன் எழுந்து வந்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அங்கியை விலக்கி, அந்த இடத்தில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டான். பேனா முனை சில்லென்று இருந்தது.

"போயிருக்கிறதா?" என்று கேட்டாள். ஜெர்மனில் தவறில்லாமல் கேட்டாள்.

"இது பாதையை மட்டும்தான் காட்டும்" என்றான் அவன். "அதில் யாராவது போனார்களா என்பதை நாளைக்கு எடுத்துப் பார்ப்பவர்கள்தான் சொல்வார்கள். இன்னும் இருபது நிமிடம். அசையாமல் இருங்கள்."

அவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். இயந்திரம் மெல்லிய குரலில் முனகியது. காலை அசைத்தால் தசை பிழியும். தசை பிழிந்தால் நிணநீர் வேகமாக ஓடும். அது மூடநம்பிக்கை இல்லை, உடலியல். அம்பிகா மூச்சைச் சிறிதாக்கிக்கொண்டாள். கட்டைவிரலைக்கூட அசைக்காமல், காலுக்குள் இருப்பது எதுவானாலும் அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று, திரையில் அந்தப் புள்ளியைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.